மன்னிப்புக் கேட்டு மீம் ஆகாமல் தப்பிப்பது எப்படி: செட்டிநாட்டுச் சேனல்காரர்களுக்கும் பலகாரக் கடைக்காரர்களுக்கும்

பெரிய தவறு செய்துவிட்டு மீம் ஆகாமல் போனவர்கள் உண்டு. சின்னத் தவறுக்கு மன்னிப்புக் கேட்ட ஒரே வரியால் வருடக்கணக்கில் ஓடியவர்களும் உண்டு. தவறின் அளவை வைத்து மீம் வருவதில்லை. மன்னிப்பிலிருந்து தனியாகப் பிய்த்து எடுக்க ஏதாவது சிக்குகிறதா என்பதை வைத்துத்தான் வருகிறது. ஒரு வரி, ஒரு முகபாவம், பின்னால் தெரியும் ஒரு சாமான், வீடியோவில் ஓடும் இசை, எது சிக்கினாலும் மீம் பக்க அட்மின்களுக்குப் போதும். பிய்க்க ஒன்றும் இல்லாத மன்னிப்பு சப்பென்று இருக்கும். நாம் எழுத வேண்டியது அந்தச் சப்பென்ற மன்னிப்பைத்தான்.

இது சினிமாக்காரர்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் சமையல் சேனல் நடத்தும் ஆச்சிகள், சீர்ப் பலகாரத்தைக் கூரியரில் அனுப்புகிறவர்கள், பெரிய வீட்டை விடுதியாக்கியவர்கள், இன்ஸ்டாகிராமில் கண்டாங்கிச் சேலை விற்கிறவர்கள் எல்லாருமே ஊர் அளவில் பிரபலங்கள்தான். சென்னை நட்சத்திரத்துக்கு அறிக்கை எழுத ஆள் இருக்கிறது. இங்கே ராத்திரி பதினோரு மணிக்குப் பேரன் போனில் தட்டிப் போட்டுவிடுகிறான்.

மீம் உருவாகும் வழி

நான்கு கட்டம். முதலில் ஸ்கிரீன்ஷாட். போட்ட சில நிமிடங்களிலேயே யாராவது எடுத்து வைத்துவிடுவார்கள், அதனால் பிறகு அழிப்பதில் பயன் இல்லை. அடுத்தது வெட்டு. முழு அறிக்கையும் போய் ஒரு வரியோ ஒரு முகமோ மட்டும் மிஞ்சும். மூன்றாவது ஜோடி சேர்ப்பது. தமிழில் இதற்கு வடிவேலுவும் கவுண்டமணியும் எப்போதும் தயார். மன்னிப்பு என்றாலோ, அந்தச் சொல்லே தமிழில் தனக்குப் பிடிக்காது என்று விஜயகாந்த் சொல்லும் காட்சி ஒரு மணி நேரத்துக்குள் வந்து நிற்கும். இந்த மூன்று கட்டம் வரை சிரிப்பு உங்களைப் பற்றியது, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

நான்காவது கட்டம் டெம்ப்ளேட். உங்கள் வரியில் நாலு வார்த்தையை மாற்றி, கரண்ட் போனதற்கு, லேட்டாக வந்ததற்கு, பொங்கலுக்கு லீவு கேட்பதற்கு என்று எல்லாவற்றுக்கும் போட ஆரம்பிப்பார்கள். என்ன தவறு நடந்தது என்றே தெரியாதவர்களும் பகிர்வார்கள். இங்கே வந்துவிட்டால் நீங்கள் தரும் விளக்கம் எதுவும் ஒட்டாது. ஆகவே வேலை முழுவதும் இரண்டாம் கட்டத்திலேயே இருக்கிறது: வெட்டினால் எதுவும் தேறக்கூடாது.

எந்தெந்தப் பாகம் பிய்கிறது

முதலில் "இருந்தால்". "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று எழுதுகிறவர், புண்பட்டதா என்பதே சந்தேகம் என்கிறார். 2023 நவம்பரில் இயக்குநர் அமீரைப் பற்றிப் பேசியதற்காகத் தயாரிப்பாளர் ஞானவேல் ராஜா இதே "இருந்தால்" போட்டு வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டார். அது மன்னிப்பே இல்லை என்று சசிகுமாரும் சமுத்திரக்கனியும் பொதுவெளியில் கேள்வி கேட்டார்கள். அறிக்கை விட்டும் தகராறு முடியவில்லை.

அடுத்தது சாக்குச் சொல்வது. 2022 ஜனவரியில் சாய்னா நேவாலைப் பற்றிப் போட்ட ட்வீட்டுக்கு நடிகர் சித்தார்த் திறந்த மடலாக மன்னிப்புக் கேட்டார். அதிலேயே அது ஒரு ஜோக் என்றும், விளக்க வேண்டியிருந்தால் நல்ல ஜோக் இல்லை என்றும் எழுதியிருந்தார். மன்னிப்பு இருந்தது, ஆனால் ஜோக்கைப் பற்றிய பகுதி தனியாகக் கழன்று வந்துவிட்டது. இதைவிட மோசமானது உடம்பைக் காரணம் காட்டுவது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய இழிவான பதிவை 2018-இல் பகிர்ந்த எஸ்.வி. சேகர், படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். வழக்கு 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வந்தபோது, கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் உள்ளடக்கத்தைப் படிக்கவில்லை என்று அவர் தரப்பில் வாதிடப்பட்டது. நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யவில்லை. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. வழக்கின் பிரிவு எண் ஒருவருக்கும் நினைவில்லை, கண் மருந்து மட்டும் நிற்கிறது. நம் ஊரில் இதன் வடிவம் "அட்மின் போட்டுவிட்டார்", "பையன் தெரியாமல் போட்டுட்டான்". அட்மின் என்று எழுதினாலே மீம் தயார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அலங்காரத் தமிழ் தனி ரகம். த்ரிஷாவைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக 2023 நவம்பரில் மன்சூர் அலிகான் விட்ட அறிக்கையில் மன்னிப்போடு சேர்ந்து மாங்கல்யம், தேங்காய்த் தட்டு, ஆசீர்வாதம் எல்லாம் வந்தன. மக்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்லவே வேண்டாம். பிறகு அவரே த்ரிஷா உள்ளிட்டோர் மீது மானநஷ்ட வழக்குப் போட அனுமதி கேட்டுப் போனார். டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை மறுத்து ஒரு லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. மன்னிப்பை வாபஸ் வாங்குவது போன்ற காரியத்தைப் பின்னால் செய்தால் பழைய மன்னிப்பு மறுபடி சுற்றுக்கு வரும்.

வெளிநாட்டு உதாரணங்களில் பாடமாக வைக்க வேண்டியது அமெரிக்க யூடியூபர் கொலீன் பாலிங்கரின் வீடியோ. 2023 ஜூனில் தன் மீதான குற்றச்சாட்டுகளுக்குப் பத்து நிமிடம், கையில் யுகுலேலி வாத்தியத்தை வைத்துப் பாடியே பதில் சொன்னார். என்ன குற்றச்சாட்டு என்பதை வாத்தியம் விழுங்கிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஹாலிவுட் நட்சத்திரத் தம்பதி ஆஷ்டன் குட்சரும் மிலா குனிஸும் தண்டனை பெற்ற சக நடிகருக்காக நீதிபதிக்குக் கடிதம் எழுதியதற்கு வருத்தம் தெரிவித்தபோது, பின்னால் இருந்த மரப்பலகைச் சுவரும் எளிமையான உடையும் கிண்டலுக்குப் போயின. அமெரிக்க யூடியூபர் லோகன் பால் தன் வீடியோ ஒன்றுக்காக 2018 ஜனவரி 1 அன்று எழுத்தில் கேட்ட மன்னிப்புக்குள், வியூஸுக்காகச் செய்யவில்லை, வியூஸ் தனக்கு எப்படியும் வருகிறது என்று ஒரு வரியைச் செருகினார். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. மறுநாளே வீடியோவில் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

ஸ்கிரீன்ஷாட்டின் ஓரமும் பேசும். பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2016 ஜூலையில் போட்டது மன்னிப்பு இல்லை, மறுப்பு அறிக்கை. ஐபோன் நோட்ஸில் எழுதி ஸ்கிரீன்ஷாட்டாகப் போட்டிருந்தார். இடது மூலையில் "தேடல்" என்ற பொத்தான் தெரிந்தது. முன்னமே எழுதி வைத்ததைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறார் என்று அதை வைத்தே கலாய்த்தார்கள்.

இன்னொரு விஷயம் புதிது. 2025 நவம்பர் வாக்கில் ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் உள்ளிட்ட பல நிறுவனங்களின் இந்தியப் பக்கங்கள், "எங்கள் பொருள் இவ்வளவு நன்றாக இருப்பதற்கு மன்னிக்கவும்" என்ற தொனியில் பொய் மன்னிப்புக் கடிதங்களை விளம்பரமாகப் போட்டன. விளைவு என்னவென்றால், லெட்டர்ஹெட், நடுவில் லோகோ, "அதிகாரப்பூர்வ மன்னிப்பு அறிக்கை" என்ற தலைப்பு, கீழே கையெழுத்து என்று வரும் அமைப்பைப் பார்த்தாலே இப்போது ஜோக் என்றுதான் கை ஸ்க்ரோல் செய்கிறது. உண்மையான மன்னிப்புக்கு அந்த அமைப்பைத் தொடாதீர்கள்.

எழுதும் முறை

ஐந்து வாக்கியம், அதிகம் போனால் ஏழு. வரிசை இது: என்ன நடந்தது, ஏன் நடந்தது, தவறு யாருடையது, மன்னிப்பு, பாதிக்கப்பட்டவருக்கு இப்போது என்ன கிடைக்கும், எந்தத் தேதிக்குள். வணக்கம், பாரம்பரியம், நிறுவனர் பெயர், குலதெய்வம் எதுவும் வேண்டாம்.

ஒரு கற்பனைக் கடையை வைத்துக்கொள்வோம். கல்யாணச் சீருக்கு அனுப்பிய மனகோலம் என்ற பலகாரத்தில் காறல் வாடை. வாங்கியவர் டப்பாவைத் திறந்து வீடியோ போட்டுவிட்டார். வழக்கமாக வரும் பதில் இப்படி இருக்கும்:

"மூன்று தலைமுறைப் பாரம்பரியம் கொண்ட எங்கள் நிறுவனம் தரத்தில் என்றும் சமரசம் செய்துகொண்டதில்லை. சில தவிர்க்க முடியாத காரணங்களால் ஒருசில வாடிக்கையாளர்களுக்குச் சென்ற பலகாரத்தில் சிறு குறைபாடு இருந்ததாகக் கூறப்படுகிறது. இதனால் யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம். உங்கள் அன்பும் ஆதரவும் என்றும் வேண்டும்."

இதில் ஒவ்வொரு வாக்கியமும் தனியாக நிற்கும், அதாவது தனியாகச் சிரிப்பு மூட்டும். முதல் வாக்கியத்தைக் காறல் வீடியோவுக்கு மேல் ஒட்டினாலே மீம் முடிந்தது. "கூறப்படுகிறது" என்பது செய்தி வாசிப்பவர் சொல்ல வேண்டியது, பலகாரம் சுட்டவர் சொல்வதில்லை. "புண்பட்டிருந்தால்" பற்றி மேலேயே சொல்லியாயிற்று. இங்கே புண்பட்டது மனம் இல்லை, வயிறு. கடைசி வரி தேர்தல் நோட்டீஸ்.

அதே விஷயத்தை இப்படி எழுதலாம்:

"அக்டோபர் 10, 11 தேதிகளில் நாங்கள் அனுப்பிய மனகோலத்தில் காறல் வாடை அடித்தது. பழைய எண்ணெயில் பொரித்ததும், சூடு ஆறும் முன் டப்பாவை மூடியதும் காரணம். தவறு எங்களுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளில் வாங்கிய 32 பேருக்கும் முழுப் பணமும் அக்டோபர் 18-க்குள் வந்து சேரும். பலகாரத்தைச் சாப்பிட வேண்டாம், திருப்பி அனுப்பவும் வேண்டாம். பணம் வராவிட்டால் கடை எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள்."

இதை வெட்டிப் பாருங்கள். "பணம் வந்து சேரும்" என்பதை எடுத்துக்கொண்டு யாரால் என்ன செய்ய முடியும்? தேதியும் எண்ணும் நிறைந்த வாக்கியம் மீமுக்கு ஒத்துவராது, வேறு சம்பவத்துக்கு அதை மாற்றி ஒட்ட முடியாது. "32 பேர்" என்று எழுதத் தயங்குவார்கள். ஆனால் எண்ணிக்கை சொல்லாவிட்டால் கமென்ட்டில் இருப்பவர்கள் அதை 3,200 ஆக்கிவிடுவார்கள். எண் உண்மையாக இருக்க வேண்டும் என்பது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பில் புத்தகத்தைப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

ஆளைப் பற்றிப் பேசிய தவறு என்றால் எண் இருக்காது, அப்போது செயலைச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர் மெஸ்ஸின் கோழிக் குழம்பை "இது செட்டிநாடே இல்லை" என்று வீடியோவில் சொல்லிவிட்டீர்கள் என்று வையுங்கள். (செட்டிநாடு என்று போர்டு வைத்த எல்லாரையும் இப்படிக் கேட்க ஆரம்பித்தால் உலகம் முழுக்க மன்னிப்பு வீடியோ போட ஆள் பற்றாது, அது வேறு கதை.) எழுத வேண்டியது இவ்வளவே: "அந்தக் கடையில் சாப்பிடாமலே அப்படிச் சொன்னேன். சொன்னது தவறு. வீடியோவில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டேன். கடை அண்ணனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்." கடைசி வாக்கியம் உண்மையாக இருக்க, பதிவுக்கு முன்னால் நேரில் போக வேண்டும். கூடப் பெரியவர் ஒருவரை அழைத்துப் போவது நம் பக்கத்து வழக்கம், அது இங்கே நன்றாகவே உதவும். போன இடத்தில் செல்ஃபி எடுக்காதீர்கள். சால்வை போர்த்தும் போட்டோவும் வேண்டாம்.

விசைத்தறிச் சேலையைக் கைத்தறிக் கண்டாங்கி என்று விற்றது போன்ற தவறு இன்னும் கனமானது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, ஆகவே சட்டம் உள்ளே வரும். உணவில் யாருக்காவது உடல்நலக் கேடு ஆகியிருந்தாலும், நோட்டீஸ் வந்திருந்தாலும் அப்படித்தான். வக்கீலிடம் ஒரு முறை காட்டிவிட்டுப் போடுங்கள். ஆனால் வக்கீல் எழுதித் தரும் வாக்கியத்தை அப்படியே பதிவில் ஒட்டாதீர்கள். "எவ்வித முன்முடிவுக்கும் பாதகமின்றி" என்று மன்னிப்பில் வந்தால் அது மட்டும் தனியாக ஓடும்.

வாக்குறுதியில் கை சிக்கனமாக இருக்கட்டும். "இனி எந்தத் தவறும் நடக்காது" என்று எழுதினால் அடுத்த தவறுக்கு நீங்களே டெம்ப்ளேட் செய்து கொடுக்கிறீர்கள். யூடியூபர் இர்ஃபான் 2024 மே மாதம் குழந்தையின் பாலினத்தை அறிவித்த வீடியோவுக்காகச் சுகாதாரத் துறையிடம் மன்னிப்புக் கேட்டு வீடியோவை நீக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் தொப்புள்கொடி வெட்டும் வீடியோவுக்காக மறுபடி மன்னிப்பு. இரண்டாவது முறை வரும்போது முதல் மன்னிப்பையும் சேர்த்தே எடுத்து வைப்பார்கள். "இனி ஒவ்வொரு ஈடுக்கும் எண்ணெய் மாற்றுவோம்" என்பது செய்து காட்டக்கூடியது, அந்த அளவோடு நிறுத்துங்கள்.

எழுதி முடித்ததும் இரண்டு சோதனை. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக ஒரு காகிதத்தில் எழுதி, மேலே வடிவேலு முகம் இருப்பதாக நினைத்துப் படியுங்கள். சிரிப்பு வந்தால் அடித்துவிடுங்கள். பிறகு "ஆனால்", "இருந்தாலும்", "இருப்பினும்" வரும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டி, இரண்டு பாதியையும் படியுங்கள். பெரும்பாலும் இரண்டாவது பாதியில்தான் சாக்கு ஒளிந்திருக்கும். வீட்டில் இருக்கும் காலேஜ் பிள்ளையிடம் கொடுத்து "இதை வச்சு ஒரு மீம் போடு" என்று சொல்வது இதைவிட வேகமான சோதனை. அஞ்சு நிமிடத்தில் போட்டுவிட்டால் பதிவைத் திருத்த வேண்டும்.

எங்கே போடுவது என்பதிலும் கணக்கு உண்டு. எக்ஸ் தளத்தில் 280 எழுத்து என்பது தமிழுக்கு அவ்வளவு இல்லை. புள்ளியும் கொக்கியும் தனித்தனியாக எண்ணப்படும். "மன்னிப்பு" கண்ணுக்கு ஐந்து எழுத்து, எக்ஸுக்கு ஒன்பது. இடம் போதாமல் இரண்டாம் ட்வீட்டுக்குத் தாண்டினால் முதல் ட்வீட் மட்டும் தனியாகச் சுற்றும், அதனால் மன்னிப்பும் தவறும் முதல் ட்வீட்டிலேயே இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து வரை எழுதலாம், ஆனால் முதல் ஒன்றிரண்டு வரிக்குப் பிறகு மிச்சம் மடங்கிவிடும். அந்த முதல் வரியில் "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே" என்று போட்டு இடத்தை வீணாக்காதீர்கள். எழுத்தைப் படமாகப் போடுவதானால் 1080 அகலம், 1350 உயரம், வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. கோலம், ஆத்தங்குடி ஓட்டு டிசைன், பூ ஓரம் எதுவும் கூடாது. நோட்ஸ் ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம், நேரம், பேட்டரி, ஸ்விக்கி நோட்டிஃபிகேஷன் எல்லாம் மேலே தெரியும்.

எழுத்துப்பிழை பார்த்துவிட்டுப் போடுங்கள். பிறகு திருத்தினால் ஃபேஸ்புக்கில் திருத்த வரலாறு தெரியும். எக்ஸில் கட்டணச் சந்தாக்காரர்கள் மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் திருத்தலாம், பழைய வடிவமும் அங்கேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம்.

வீடியோதான் என்றால்

முடிந்தவரை எழுத்தோடு நிறுத்துங்கள். ஆனால் தவறு வீடியோவில் நடந்திருந்தால், முகம் காட்டாமல் எழுத்தில் மட்டும் கேட்பது ஒளிவது போலத் தெரியும். அப்போது 60 முதல் 90 விநாடி. நிதானமாகப் பேசினால் சுமார் நூறு வார்த்தை. யூடியூபில் எட்டு நிமிடம் தாண்டும் வீடியோவுக்கு நடுவில் விளம்பரம் வைக்கலாம் என்பது பார்வையாளர்களுக்கும் தெரியும். ஒன்பது நிமிட மன்னிப்பு என்றால் காசுக்கு இழுக்கிறார் என்பார்கள். எவ்வளவு சின்ன வீடியோவானாலும் யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவுக்கு வருமானத்தை அணைத்துவிடுங்கள்.

இடம் தேர்வதில் நம் வீடுகளுக்கென்றே சில சிக்கல்கள். வளவின் (நடுமுற்றத்தின்) தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, நிலைக்கதவில் லட்சுமி, இவையெல்லாம் சமையல் வீடியோவுக்கு அழகு. மன்னிப்புக்குப் பின்னால் இருந்தால் அரண்மனையிலிருந்து வருத்தம் தெரிவிப்பது போலாகிவிடும். அதற்காகச் சுவர் பெயர்ந்த பழைய பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தால் நாடகம். குரலிலும் பிரச்சினை வரும். உயர்ந்த கூரை, ஓட்டுத் தரை, சாமான் இல்லாத பட்டாலைக் கூடம் என்றால் குரல் எதிரொலித்து மேடைப் பேச்சு மாதிரி கேட்கும். வளவை ஒட்டிய சின்ன அறையில், தரையில் ஜமக்காளம் விரித்து, எதிரே ஒரு போர்வையைத் தொங்கவிட்டு எடுங்கள். முட்டைவெள்ளை கலந்த பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் கண்ணாடி போல மின்னும், ரிங் லைட் அதில் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாகத் தெரியும். சாமி படம் மாதிரி வந்து நிற்கும் அந்த ஃப்ரேம் மீம் அட்மினுக்குத் தீபாவளி. மூக்குக்கண்ணாடியிலும் அந்த வளையம் தெரியும். ஜன்னல் வெளிச்சம் போதும், பகல் பத்து மணிக்கு முன்.

தினமும் கேமரா முன் என்ன உடையோ அதுவே. புதிதாக வெள்ளை உடுத்த வேண்டாம், திருநீறும் அளவோடு. அழுகை வந்தால் நிறுத்திவிட்டு, தெளிந்ததும் முதலிலிருந்து எடுங்கள். கண்ணீர் வராமல் கண்ணைத் துடைக்கும் அந்த அரை விநாடியைத்தான் எல்லாரும் மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். இசை வேண்டாம். வீணையும் வேண்டாம், புல்லாங்குழலும் வேண்டாம். பாலிங்கரின் கதையை மறந்துவிடாதீர்கள்.

எழுதியதைப் பார்த்துப் படிப்பதில் தவறில்லை, கண் இடமும் வலமும் ஓடுவதுதான் உறுத்தும். ஆறே வரியைப் பெரிய எழுத்தில் எழுதி லென்ஸுக்குச் சரியாகக் கீழே ஒட்டினால் ஓடாது.

எடிட்டில் கவனிக்க வேண்டியது முனைகள். தொடக்கத்தில் "வணக்கம் மக்களே!" என்ற வழக்கமான துள்ளல் இன்ட்ரோ, முடிவில் "லைக் பண்ணுங்க, பெல் பட்டனை அழுத்துங்க" என்ற அவுட்ரோ இரண்டும் டெம்ப்ளேட்டாகத் தானாகவே ஒட்டிக்கொள்ளும். கடைசி விநாடியில் கேமரா பிடிப்பவர் குரல் மாட்டிக்கொள்வதும் நடக்கும்: "ஆச்சி, சரியா வந்துருக்கு, ஆனா இன்னொரு தடவ கொஞ்சம் சோகமா சொல்லுங்க." அந்த ஒரு வரி மிச்சம் தொண்ணூறு விநாடியையும் காலி செய்துவிடும். ஆகவே காதில் ஹெட்செட் மாட்டி முதல் ஐந்து விநாடியையும் கடைசி ஐந்து விநாடியையும் தனியாகக் கேளுங்கள். பிறகு 0.25 வேகத்தில் முழுவதும் ஓட்டி, பாதி மூடிய கண்ணும் கோணிய வாயும் எங்கே வருகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் நீக்க முடியாது. ஆனால் அதில் ஒன்று தம்ப்நெயிலாகப் போகாமல் தடுக்கலாம். யூடியூப் தானாகத் தரும் மூன்று ஃப்ரேமில் எதையும் எடுக்காமல், தேதி மட்டும் எழுதிய வெறும் படத்தை வையுங்கள். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் அட்டைக்கும் அதே.

யூடியூபில் ஷார்ட்ஸ் ரீமிக்ஸ் அனுமதியையும், இன்ஸ்டாகிராமில் ரீமிக்ஸையும் அணைக்கலாம். ஸ்கிரீன் ரெக்கார்டு செய்கிறவரை இது தடுக்காது, சோம்பேறிகளை மட்டும் வடிகட்டும். கமென்ட்டை மூடாதீர்கள். மூடினால் பேச்சு வேறு பக்கத்துக்குப் போகும், அங்கே உங்கள் விளக்கம் பின் செய்யப்பட்டிருக்காது.

போடுவதற்கு முன் நிறுத்த வேண்டியவை

இதில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். மெட்டா பிசினஸ் ஸூட்டில் போன வாரமே ஷெட்யூல் செய்து வைத்த பதிவுகளை நிறுத்துங்கள். மன்னிப்புப் போட்ட இருபதாவது நிமிடம் "தீபாவளி அதிரடி! 2 கிலோ வாங்கினால் சீப்புச்சீடை இலவசம்!" என்று தானாக ஏறினால், இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து ஒரே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கட்டண விளம்பரம், வாட்ஸ்அப் பிசினஸின் தானியங்கிப் பதில் ("உங்கள் மகிழ்ச்சியே எங்கள் சுவை!"), தானாக ஒட்டும் ஹேஷ்டேக், எல்லாவற்றுக்கும் மூன்று நாள் ஓய்வு.

உடனே பதில் சொல்ல முடியாத நிலை என்றால், 24 மணி நேரத்துக்குள் இரண்டு வரி போதும்: "வீடியோவைப் பார்த்தோம். எந்த ஈடு என்று சரிபார்க்கிறோம், நாளை மாலை 6 மணிக்குள் இங்கேயே சொல்கிறோம்." 6 மணி என்றால் 6 மணி. 6:40 ஆனால் அந்த நாற்பது நிமிடத்துக்கு ஒரு மீம் வரும்.

ஆகிவிட்டால்

காப்பிரைட் புகார் கொடுத்து மீம் பக்கங்களை மூட வைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 2003-இல் தன் கடற்கரை வீட்டின் வான்வழிப் படத்தை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி ஐந்து கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதற்கு முன் அந்தப் படம் பதிவிறக்கப்பட்டது ஆறே தடவை, அதிலும் இரண்டு தடவை அவருடைய வக்கீல்கள். வழக்குச் செய்தி வந்த அடுத்த மாதம் 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் போய்ப் பார்த்தார்கள். வீட்டுப் பெண்பிள்ளைகளின் படத்தை மாற்றிப் போடுவது, மிரட்டல், சாதிப் பெயர் சொல்லி வசவு என்று போனால் அது வேறு. அதை ஸ்கிரீன்ஷாட், சுட்டி, நேரம் மூன்றோடும் தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ 1930 என்ற எண்ணிலோ கொடுக்கலாம். பண மோசடிக்கு மட்டும் என்று பலர் நினைக்கும் அந்த எண்ணில் பேசினால் மற்ற புகாருக்கும் வழி சொல்வார்கள். வெறும் கிண்டலுக்கு அங்கே போகாதீர்கள்.

மூல மன்னிப்பை அழிக்காதீர்கள். அழித்தால் வெட்டிய பகுதி மட்டும் உலகில் மிஞ்சும், முழுதைக் காட்ட உங்களிடமே இருக்காது. இரண்டாவது விளக்க வீடியோவும் வேண்டாம், அது இரண்டாம் டெம்ப்ளேட்.

சேர்ந்து சிரிக்கலாமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. யாருக்கும் தீங்கு ஆகாத தவறு என்றால் செய்யலாம். 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கேஎஃப்சி கடைகளில் கோழி தீர்ந்து நூற்றுக்கணக்கான கடைகள் மூடிக் கிடந்தபோது, காலி டப்பாவில் தங்கள் பெயரின் மூன்று எழுத்தையே வசைச்சொல் போல இடம் மாற்றி அச்சடித்துப் பத்திரிகையில் முழுப்பக்க மன்னிப்பு விளம்பரம் கொடுத்தார்கள். எடுபட்டது, ஏனென்றால் கோழி இல்லை என்பதுதான் தவறு, கெட்டுப்போன கோழி இல்லை. காறல் மனகோலத்துக்கு இது ஒத்துவராது. பணம் 32 பேருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, வாடிக்கையாளரே கிண்டலாக ஏதாவது கேட்டால் கமென்ட்டில் சிரித்துப் பதில் சொல்லலாம். பதிவாகப் போட வேண்டாம்.

சொன்ன தேதி வந்ததும் அதே பதிவுக்குக் கீழே ஒரு கமென்ட் போட்டு மேலே பின் செய்யுங்கள்: "அக்டோபர் 18 மதியம், 32 பேரில் 31 பேருக்குப் பணம் போய்விட்டது. ஒருவரின் கணக்கு எண் தவறாக இருந்தது, போனில் கேட்டிருக்கிறோம்." அடுத்த தீபாவளி ஆர்டர் தொடங்கும்போது பழைய மீம் எப்படியும் ஒரு தடவை மேலே வரும். அப்போது ஒட்டுவதற்கு இந்தக் கமென்ட்டின் சுட்டியைக் கடை போனில் சேமித்து வையுங்கள். புதிதாக எதுவும் எழுத வேண்டியிருக்காது.